முட்டை பொரியும் நாள்

கோழி அடைகாப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 21 நாள் கழித்துக் குஞ்சு வரும். ஆடி மாதம் அடை வைத்தாலும் 21 நாள்தான். மாசி மாதம் அடை வைத்தாலும் 21 நாள்தான்.

ஏன் மாறுவதில்லை? கோழி தன் உடம்புச் சூட்டை முட்டைக்குக் கொடுக்கிறது. வெளியே மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் கோழியின் உடம்புச் சூடு ஒன்றுதான். அதனால் நாளும் ஒன்றுதான்.

பூச்சி அடைகாப்பதில்லை. இலையில் முட்டையிடும். பிறகு பறந்து போய்விடும். அந்த முட்டைக்குச் சூடு கொடுப்பது யார்?

வெயிலும் காற்றும்தான்.

வெயில் கூடினால் முட்டை சீக்கிரம் பொரியும். குளிர் கூடினால் தாமதமாகும். ஆகவே "பூச்சி முட்டை எத்தனை நாளில் பொரியும்?" என்று கேட்டால் எல்லாக் காலத்துக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும். அந்தக் கணக்கைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இது புதிது அல்ல. சித்தூர் மாவட்டத்தில் பலமநேரி, குப்பம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். அவர்கள் பட்டுப்புழு முட்டையைக் கண்ட இடத்தில் வைக்க மாட்டார்கள். சுமார் 25 டிகிரி சூடு இருக்கிற அறையில் வைப்பார்கள். அப்படி வைத்தால் ஏறக்குறைய 10 நாளில் பொரியும். பொரிவதற்கு முன் முட்டையில் சின்னக் கரும்புள்ளி தெரியும். உடனே முட்டைகளைக் கறுப்புத் துணியாலோ கறுப்புத் தாளாலோ மூடி இருட்டில் வைப்பார்கள். பொரிகிற நாள் காலையில் வெளிச்சத்தில் திறப்பார்கள். எல்லாப் புழுவும் ஒன்றாக வெளியே வரும். அன்று காலை இளம் மல்பெரி இலை தயாராக இருக்கும்.

வளர்க்கிற புழுவுக்கு நாள் பார்க்கிறோம். அழிக்கிற புழுவுக்கும் நாள் பார்க்கலாம் அல்லவா?

நகரிப் பக்கத்து வேர்க்கடலை

சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதிக்குப் போகும் சாலையில் நகரி இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். இங்கே வீட்டில் தமிழ் பேசுவார்கள், கடையில் தெலுங்கு பேசுவார்கள். சில வீடுகளில் தெலுங்கு பேசிவிட்டுக் கடையில் தமிழ் பேசுவார்கள். ஊருக்குள் விசைத்தறிச் சத்தம் கேட்கும். ஊரைத் தாண்டினால் கரும்பு, நெல், மாந்தோப்பு. மேட்டு நிலத்தில் வேர்க்கடலை.

வேர்க்கடலை மழையை நம்பியும் போடப்படுகிறது. கிணறு உள்ளவர்கள் கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் பாய்ச்சியும் போடுகிறார்கள். திருப்பதியில் ஆச்சார்யா என்.ஜி. ரங்கா வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாராயணி, தரணி என்ற வேர்க்கடலை ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான்.

வேர்க்கடலைக்கு வரும் பூச்சிகள் பல. அவற்றில் ஒன்று புகையிலைப் புழு. இதை வெட்டுப்புழு என்றும் சொல்வார்கள். வேளாண்மை அலுவலர்கள் 'புரோடீனியா' என்பார்கள். தெலுங்கில் 'பொகாகு லத்தெ புருகு' என்பார்கள். பெயரில்தான் புகையிலை இருக்கிறது. வேர்க்கடலை, பருத்தி, மிளகாய், ஆமணக்கு, முட்டைக்கோசு என்று எதையும் விடாது.

இதன் தாய் ஓர் அந்துப்பூச்சி. பழுப்பு நிறம். முன் இறக்கையில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். பகலில் ஒளிந்திருக்கும். இரவில் பறந்து வந்து முட்டையிடும். முட்டைகளை ஒவ்வொன்றாக இடாது, குவியலாக இடும். ஒரு குவியலில் 200, 300 முட்டைகள் இருக்கும். குவியலின் மேல் தன் உடம்பிலிருந்து உதிரும் பழுப்பு நிற மயிரைப் போர்த்திவிடும். பார்ப்பதற்கு இலையில் ஒட்டிய பழுப்புப் பஞ்சு போல இருக்கும். பலர் இதை ஏதோ அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பஞ்சுக்குள்தான் நம் கதை இருக்கிறது.

மூன்று நாள் வாய்ப்பு

முட்டை பொரிந்ததும் புழுக்கள் உடனே பிரிந்து போவதில்லை. சில நாட்கள் பிறந்த இலையிலும் பக்கத்து இலைகளிலும் கூட்டமாகவே இருக்கும். இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும். நரம்பையும் மெல்லிய தோலையும் விட்டுவிடும். அந்த இலை வெளுத்து, எண்ணெய்க் காகிதம் போலத் தெரியும். தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

அப்போது என்ன செய்ய வேண்டும்? அந்த இலையைக் கிள்ள வேண்டும். மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட வேண்டும். அவ்வளவுதான். ஓர் இலையோடு 200 புழு போய்விடும். மருந்துச் செலவு இல்லை. தெளிப்பான் வாடகை இல்லை.

மூன்று, நான்கு நாள் விட்டால் நிலைமை வேறு. புழுக்கள் வளர்ந்து வயல் முழுவதும் பரவும். இன்னும் பெரிதானால் பகலில் மண் வெடிப்பிலும் செடியின் தூரிலும் பதுங்கும். இரவில் வந்து தின்னும். பகலில் வயலைப் பார்த்தால் இலை ஓட்டையாக இருக்கும், புழுவைக் காணோம். தடித்த புழுவுக்கு மருந்தும் எளிதில் ஏறாது. ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பங்கைக் கடைசிச் சில நாட்களில்தான் தின்கிறது.

ஆகவே முட்டையாக இருக்கும் சில நாளும், பொரிந்த முதல் மூன்று நாளும்தான் நம் கையில் இருக்கும் வாய்ப்பு. இது எப்போது வரும் என்று தெரியாவிட்டால் என்ன ஆகும்? தினமும் வயல் முழுவதும் இலை இலையாகப் புரட்ட முடியாது. ஆகவே பலர் பயத்தில் முன்னாலேயே மருந்து அடிக்கிறார்கள். அல்லது பெரிய புழுவைக் கண்ட பிறகு, பின்னால் அடிக்கிறார்கள். இரண்டிலும் பணம் போகிறது. புழு போவதில்லை.

1997-98ல் வாரங்கல் மாவட்டத்துப் பருத்தி வயல்களில் இதே புகையிலைப் புழு ஏராளமாக வந்தது. விவசாயிகள் கடனுக்கு மருந்து வாங்கி, திரும்பத் திரும்ப அடித்தார்கள். புழு அடங்கவில்லை. கடன் ஏறியது. அந்த ஒரு பருவத்தில் பல விவசாயிகள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். புழு மட்டுமே காரணம் அல்ல. கந்துவட்டியும் இருந்தது, மழைக் கோளாறும் இருந்தது, விலையும் இல்லை. ஆனாலும் காலம் தவறி அடித்த மருந்துக்கு அதில் பங்கு உண்டு.

படான்செருவில் போட்ட கணக்கு

ஐதராபாத்துக்குப் பக்கத்தில் படான்செரு என்ற ஊர் இருக்கிறது. முன்பு ஆந்திராவில் இருந்தது. 2014 முதல் தெலங்கானாவில் இருக்கிறது. அங்கே 1972ல் 'இக்ரிசாட்' என்ற பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. மானாவாரிப் பயிர்களுக்காக ஏற்பட்ட நிலையம் அது. வேர்க்கடலையும் அதன் பயிர்களில் ஒன்று.

அங்கே ஜி.வி. ரங்கா ராவ், வைட்மேன் ஆகிய அறிஞர்கள் தம் குழுவோடு புகையிலைப் புழுவை ஆராய்ந்தார்கள். எந்தச் சூட்டில் முட்டை எத்தனை நாளில் பொரிகிறது, புழு எத்தனை நாளில் வளர்கிறது என்று கணக்கெடுத்தார்கள். முடிவை 1989ல் வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது இதுதான்.

8 டிகிரி சூட்டுக்குக் கீழே முட்டை வளராது. 8 டிகிரிக்கு மேலே உள்ள சூடுதான் கணக்கில் சேரும். அப்படிச் சேரும் சூடு மொத்தம் 64 ஆனால் முட்டை பொரியும்.

இதைக் கூலிக் கணக்காக நினைத்துப் பாருங்கள். முட்டைக்கு 64 ரூபாய் சேர வேண்டும். தினமும் வெயில் அதற்குக் கூலி கொடுக்கிறது. ஆனால் தினமும் 8 ரூபாய் பஸ் செலவு. கூலியில் 8 ரூபாய் கழித்து மீதியைத்தான் உண்டியலில் போடலாம். உண்டியலில் 64 சேர்ந்த அன்று முட்டை பொரியும். வெயில் காலத்தில் கூலி அதிகம், உண்டியல் சீக்கிரம் நிறையும். குளிர் காலத்தில் கூலி குறைவு, தாமதமாக நிறையும்.

உண்டியலில் சேரும் இந்தச் சூட்டை 'வெப்ப அலகு' என்று சொல்கிறார்கள். இந்த எண்ணம் பழையது. 1735லேயே பிரெஞ்சு நாட்டில் ரியோமர் என்ற அறிஞர், தினசரிச் சூட்டைக் கூட்டிப் பயிர் விளையும் காலத்தைக் கணக்கிடலாம் என்று சொன்னார்.

கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு நாளுக்கு இரண்டு எண்கள் வேண்டும். பகலில் ஏறிய அதிகச் சூடு ஒன்று. இரவில் இறங்கிய குறைந்த சூடு ஒன்று. இரண்டும் நாளிதழில் வரும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்வார்கள். இப்போது கைப்பேசியிலும் பார்க்கலாம். இந்திய வானிலைத் துறை 2019 முதல் 'மேகதூத்' என்ற செயலி வழியாக விவசாயிகளுக்கு வானிலையைச் சொல்லி வருகிறது. அதில் அடுத்து வரும் நாட்களுக்கு உரிய சூடும் இருக்கும். அதனால் இன்றைக்கே நாளை மறுநாள் கணக்கையும் போட்டுவிடலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். வானிலைச் சூட்டைச் சொல்வது செல்சியஸ் அளவில். காய்ச்சலுக்கு 100, 102 என்று சொல்கிறோமே, அது பாரன்ஹீட் அளவு. இரண்டையும் கலக்கக் கூடாது.

இனி ஒரு வீட்டுக் கதையாக இதைப் பார்ப்போம். நகரிக்குப் பக்கத்தில் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு ஏக்கர் வேர்க்கடலை. தம்பி விசைத்தறியில் வேலை செய்கிறான். தை மாதம். காலையில் அக்கா வயலுக்குப் போகிறார். வரப்பு ஓரத்து ஆமணக்கு இலையில் பழுப்புப் பஞ்சு ஒன்று ஒட்டியிருக்கிறது. நேற்றுக் காலை அது இல்லை.

தம்பி பார்த்தான்.

"அக்கா, முட்டை வெச்சிட்டுது. மருந்து அடிச்சிடலாமா? கடையில கடனுக்குத் தரேன்னு சொல்றாங்க."

"இருடா. முட்டை மேல மருந்து அடிச்சு என்ன பண்ணப் போறோம்? எப்பப் பொரியும்னு பார்ப்போம். பேப்பர எடு."

அன்று பகல் சூடு 28. இரவு சூடு 18. இரண்டையும் கூட்டினால் 46. பாதி 23. அதுதான் அன்றைய சராசரி. அதில் 8 கழித்தால் 15. முதல் நாள் உண்டியலில் 15.

இரண்டாம் நாள் பகல் 30, இரவு 18. கூட்டினால் 48. பாதி 24. 8 போக 16. உண்டியலில் 15ம் 16ம் சேர்ந்து 31.

மூன்றாம் நாள் பகல் 31, இரவு 19. கூட்டினால் 50. பாதி 25. 8 போக 17. உண்டியலில் 48.

நாலாம் நாள் பகல் 30, இரவு 20. சராசரி 25. 8 போக 17. உண்டியலில் 65.

64 தாண்டிவிட்டது. நாலாம் நாள் முட்டை பொரியும்.

அக்கா கண்ணில் பட்ட அந்த ஒரு குவியலை அன்றைக்கே கிள்ளிவிடுவார். அது வேறு விஷயம். ஆனால் ஒரு பூச்சி முட்டையிட்ட இரவில் வேறு பூச்சிகளும் இட்டிருக்கும். ஏக்கர் முழுவதும் உள்ள முட்டைகளைத் தேடிப் பிடிப்பது கடினம். இலையின் அடியில், மயிர்ப் போர்வைக்குள் இருக்கும். பொரிந்த பிறகு வெளுக்கும் இலையைப் பிடிப்பதுதான் எளிது. நாலாம் நாள் பொரிகிறது என்றால் ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் வயலில் இருக்க வேண்டும். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் வீட்டு ஆட்களோ, பக்கத்து வயல்காரர்களோ, இரண்டு கூலியாட்களோ வரிசையாக நடந்தால் போதும்.

தம்பிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அப்ப வெயில் காலத்துலயும் நாலு நாள்தானா அக்கா?"

"அது எப்படிடா? நீயே போட்டுப் பாரு."

தம்பி பங்குனி மாதத்து எண்களை எடுத்தான். முதல் நாள் பகல் 36, இரவு 22. சராசரி 29. 8 போக 21. இரண்டாம் நாள் பகல் 36, இரவு 24. சராசரி 30. 8 போக 22. சேர்த்தால் 43. மூன்றாம் நாள் பகல் 35, இரவு 23. சராசரி 29. 8 போக 21. சேர்த்தால் சரியாக 64.

மூன்றே நாள்.

ஒரு நாள் வித்தியாசம்தானே என்று தோன்றும். முட்டைக்கு ஒரு நாள்தான். ஆனால் பூச்சியின் வாழ்க்கை முட்டையோடு முடிவதில்லை. புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் தாய்ப்பூச்சிக்கும் இதே போல உண்டியல் உண்டு. அந்த எண்களையும் படான்செருவில் கண்டுபிடித்தார்கள். புழுவுக்கு 10 டிகிரி கழித்து 303 சேர வேண்டும். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருக்கும்போது 10 டிகிரி கழித்து 155 சேர வேண்டும். கூட்டிலிருந்து வந்த பெண் பூச்சி முட்டையிட 10.8 டிகிரி கழித்து 29 சேர வேண்டும்.

சராசரிச் சூடு 24 என்றால் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வரை ஏறக்குறைய 39 நாள் ஆகிறது. சராசரி 30 என்றால் 27 நாளே போதும். 110 நாள் பயிரில் குளிர் காலத்தில் ஏறக்குறைய மூன்று தலைமுறை. சூடு கூடிய காலத்தில் நான்கு தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். உலகம் முழுவதும் சூடு ஏறி வருகிறது என்று சொல்கிறார்களே, அதைப் பற்றி விவசாயி கவலைப்பட இது ஒரு காரணம்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கணக்கில் இதுதான் கடினமான இடம். முட்டையிட்ட நாள் தெரிந்தால் கணக்கு சரியாக வரும். அது தெரியாமல் எத்தனை நன்றாகக் கூட்டினாலும் பயன் இல்லை.

அதற்கு ஒரு கருவி இருக்கிறது. பெயர் இனக்கவர்ச்சிப் பொறி. பெண் அந்துப்பூச்சி ஒரு வாசனையை வெளியே விடும். ஆண் பூச்சி அந்த வாசனையைத் தேடி வரும். அதே வாசனையைத் தொழிற்சாலையில் செய்து ஒரு சின்ன ரப்பர் துண்டில் ஏற்றியிருக்கிறார்கள். அதைப் பொறிக்குள் தொங்கவிட்டால் ஆண் பூச்சிகள் வந்து கீழே உள்ள பிளாஸ்டிக் பையில் விழும். புகையிலைப் புழுவுக்கு உரிய வாசனைத் துண்டு தனியாக விற்கிறது. கடையில் கேட்டு வாங்க வேண்டும். காய்ப்புழுவுக்கு உரிய துண்டை வாங்கித் தொங்கவிட்டால் இந்தப் பூச்சி வராது. துண்டில் வாசனை சில வாரங்களில் குறைந்துவிடும். அப்போது மாற்ற வேண்டும்.

தினமும் காலையில் பையைப் பாருங்கள். எத்தனை பூச்சி என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். நேற்று 2, இன்று 3 என்று இருந்தது திடீரென்று 20, 30 ஆகிறதா? புதிய தலைமுறை கிளம்பிவிட்டது. அந்த நாள்தான் நம் முதல் நாள்.

பெண் பூச்சி முட்டையிட 29 வெப்ப அலகு வேண்டும் என்று பார்த்தோம். தை மாதச் சூட்டில், சராசரி 24 என்று வைத்தால், அதற்கு இரண்டு நாளுக்குச் சற்று அதிகம். முட்டை பொரிய 4 நாள். ஆக, பொறியில் பூச்சி கூடிய ஆறாம் நாள், ஏழாம் நாள் இலை வெளுக்கத் தொடங்கும். பங்குனி மாதச் சூட்டில் ஐந்தாம் நாளே தொடங்கிவிடும்.

அமெரிக்காவில் ஆப்பிள் தோட்டக்காரர்கள் பல ஆண்டுகளாக இதே முறையைப் பின்பற்றுகிறார்கள். ஆப்பிளைக் குடையும் ஒரு புழு அங்கே உண்டு. பொறியில் அதன் அந்துப்பூச்சி விழத் தொடங்கும் நாளைக் குறித்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து வெப்ப அலகைக் கூட்டி வருவார்கள். குறித்த எண் வந்ததும் முட்டை பொரிகிறது என்று தெரிந்துகொள்வார்கள். அதற்கு முன்னால் மருந்தைத் தொடுவதில்லை.

பொறிக்குத் துணையாக ஆமணக்கு. வேர்க்கடலை வயலின் ஓரத்தில் ஆமணக்கு விதையை ஊன்றி வையுங்கள். இந்தப் பூச்சிக்கு ஆமணக்கு என்றால் கொள்ளை ஆசை. அகன்ற இலை. அதனால் முட்டையும் நம் கண்ணுக்கு எளிதில் தெரியும். புதிய முட்டைக் குவியல் வெளுப்பாக இருக்கும். பொரியும் தறுவாயில் முட்டை கறுக்கும். மயிரை மெல்ல விலக்கிப் பார்த்தால் தெரியும். கறுத்த முட்டையைக் கண்டால் கணக்கே வேண்டாம். இன்றோ நாளையோ பொரியும்.

பிறந்த சின்னப் புழுவைக் கிள்ளி எறிய ஆள் கிடைக்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் இருக்கிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பம் பருப்பு. இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்பு கலந்து தெளிக்க வேண்டும். என்.பி.வி. என்ற வைரஸ் கரைசலும் இருக்கிறது. அது புழுவுக்கு மட்டும் நோய் கொடுக்கும். மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் அதன் சக்தி போய்விடும். இரண்டும் சின்னப் புழுவிடம்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே இவற்றுக்கும் நாள் கணக்கு வேண்டும்.

ஓரிரண்டு இலையில் ஓட்டை கண்டதும் பதற வேண்டியதில்லை. வேர்க்கடலைச் செடி கொஞ்சம் இலை போனாலும் மறுபடி துளிர்க்கும். வயலில் மைனாவும் கரிச்சான் குருவியும் சிலந்தியும் நமக்காகக் கூலி இல்லாமல் வேலை செய்கின்றன. பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இடும் சின்னஞ்சிறு குளவிகளும் உண்டு. அவசரப்பட்டு அடிக்கும் மருந்து முதலில் இவற்றைத்தான் கொல்லும்.

கணக்கு தவறும் இடங்கள்

கடும் வெயிலில் இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது. 37 டிகிரிக்கு மேல் போனால் பூச்சியின் வளர்ச்சி கூடுவதில்லை. 40 டிகிரி அதற்குச் சாவு. அக்கினி நட்சத்திர நாளில் பகல் சூடு 42 என்று பேப்பரில் வந்தால், அந்த 42ஐக் கூட்டிப் பயன் இல்லை. ஆனால் தண்ணீர் பாய்ந்த வயலில், இலையின் நிழலில் அத்தனை சூடு இருக்காது. ஆகவே அந்த மாதத்தில் கணக்கை விட்டுவிட்டு நேரே இலையைப் பார்ப்பது நல்லது.

பேப்பரில் வரும் சூடு திருப்பதியில் அளந்ததாக இருக்கலாம். நம் வயலில் ஒரு டிகிரி கூடவோ குறையவோ இருக்கும். அதனால் கணக்கு சொல்லும் நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே வயலுக்குப் போங்கள்.

பூச்சி வெளியூரிலிருந்தும் பறந்து வரும். அப்படி வரும் பெண் பூச்சி வந்த அன்றே முட்டையிடலாம். பொறி அதைச் சொல்லாது. ஆமணக்கு இலைதான் சொல்லும்.

64 என்ற எண் புகையிலைப் புழுவுக்கு மட்டும்தான். 2018ல் கர்நாடகத்தில் முதலில் கண்டுபிடித்து, பிறகு நாடு முழுவதும் மக்காச்சோளத்தில் பரவிய படைப்புழு இதற்குச் சொந்தக்காரப் பூச்சிதான். ஆனாலும் அதன் கணக்கு வேறு. நெல் தண்டுத் துளைப்பானின் கணக்கு வேறு.

வெயிலைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக் கிளம்பும் பூச்சியும் உண்டு. மானாவாரி வேர்க்கடலையில் வரும் சிவப்புக் கம்பளிப்பூச்சி அப்படிப்பட்டது. அதன் கூட்டுப்புழு வரப்பு ஓரத்திலும் மரத்தடியிலும் மண்ணுக்குள் ஏறக்குறைய பத்து மாதம் தூங்கும். நல்ல மழை பெய்து மண் நனைந்ததும் அந்துப்பூச்சிகள் மாலையில் மண்ணிலிருந்து கூட்டமாகக் கிளம்பும். அதற்குத் தெர்மாமீட்டர் உதவாது. மழை பெய்த பிறகு இரவில் விளக்குப் பொறி வைப்பதும், ஊர் கூடி வரப்பில் தீ மூட்டுவதும்தான் வழி. ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்து வயல் பூச்சி வந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒன்று: மாசி மாதம். திங்கட்கிழமை காலையில் புதிய முட்டைக் குவியல் கண்டீர்கள். திங்கள் முதல் தினமும் பகல் சூடு 32, இரவு சூடு 20. முட்டை எந்தக் கிழமை பொரியும்?

இரண்டு: ஐப்பசி மாதம். விடாமல் மழை, மேகமூட்டம். திங்கட்கிழமை முட்டை கண்டீர்கள். தினமும் பகல் சூடு 26, இரவு சூடு 20. இப்போது எந்தக் கிழமை பொரியும்? எந்தெந்தக் கிழமையில் வயலுக்கு ஆள் வரச் சொல்வீர்கள்?

விடை: முதல் கணக்கில் சராசரி 26. 8 போக 18. மூன்று நாளில் 54, நான்கு நாளில் 72. ஆகவே வியாழக்கிழமை பொரியும். இரண்டாம் கணக்கில் சராசரி 23. 8 போக 15. நான்கு நாளில் 60தான் ஆகும். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை பொரியும். சனியும் ஞாயிறும் ஆள் வேண்டும். மழை விட்டு வெயில் அடித்தால் வியாழக்கிழமையே பொரியலாம். அதனால் வியாழக்கிழமை காலையில் ஒருவர் மட்டும் போய் ஆமணக்கு இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வரட்டும்.